காலங் கடக்கும் வாயில்: நெஸ்பிட்டின் ‘தாயத்தின் கதை’யும் மில்லரின் ஓவியங்களும்

பழைய நூல்களைப் பதிப்பிக்குங்கால் நாம் பாட வேறுபாடு காண்கின்றோம். உரை வேறுபாடு காண்கின்றோம். இடைச்செருகல் எது, இயல்பான பகுதி எது என ஆராய்கின்றோம். ஆனால், அச்சுப்பொறி பரவியபின் எழுந்த நூல்கள் சிலவற்றில் எழுத்தோடு உடன்பிறந்த ஓவியங்களை என் செய்வது என்பது பற்றிப் போதிய அளவு எண்ணினோமில்லை. ஓவியத்தை அணி எனக் கொண்டு, வேண்டியபோது சேர்த்தும் வேண்டாதபோது நீக்கியும் பதிப்பிப்பதே வழக்காகிவிட்டது. இவ்வழக்கு எல்லா நூல்களுக்கும் ஒக்குமா? இவ்வினாவிற்கு விடை காண, ஆங்கிலச் சிறுவர் இலக்கியத்துள் காலப்பயணத்தைப் பொருளாகக் கொண்டு எழுந்த சிறந்த நூலொன்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஈ. நெஸ்பிட் அம்மையார் எழுத, எச். ஆர். மில்லர் ஓவியந் தீட்ட, 1906ஆம் ஆண்டு இலண்டனில் பிஷர் அன்வின் பதிப்பகத்தார் வெளியிட்ட ‘தாயத்தின் கதை’யே அந்நூல்.

நெஸ்பிட் (1858–1924) இந்நூலைத் தனி நூலாகத் திட்டமிட்டு எழுதினாரல்லர். 1902இல் ‘ஐந்து குழந்தைகளும் அதுவும்’, 1904இல் ‘பீனிக்ஸ் பறவையும் கம்பளமும்’ என இரு நூல்கள் முன்னரே வந்திருந்தன. அவற்றின் தொடர்ச்சியாக இம்மூன்றாங் கதை 1905, 1906ஆம் ஆண்டுகளில் ‘ஸ்டிராண்டு’ என்னும் திங்களிதழில் பகுதி பகுதியாக வெளிவந்தது. ஜார்ஜ் நியூன்ஸ் என்பார் 1891இல் தொடங்கிய அவ்விதழ், பக்கத்தைத் திருப்புந்தோறும் ஒரு படம் கண்ணிற்படல் வேண்டும் என்னும் கொள்கையுடையது. ஆகவே, எழுதி முடித்த நூலுக்குப் பின்னாளில் யாரோ படம் வரைந்து சேர்த்தனர் என்று இதனைக் கருதுதல் பொருந்தாது. திங்கள்தோறும் எழுத்தும் படமும் ஒருங்கே பிறந்தன. படிப்போரும் இரண்டையும் ஒருங்கே பெற்றனர். நூல்வடிவில் ஏறத்தாழ ஐம்பது படங்கள் இடம்பெற்றன.

கதையைச் சுருங்கக் கூறுவோம். சிரில், ஆந்தியா, இராபர்ட்டு, ஜேன் என்னும் உடன்பிறந்தார் நால்வர். தந்தை செய்தியாளராய் மஞ்சூரியப் போர்முனைக்குச் சென்றுள்ளார். தாய் நலங்குன்றிக் கைக்குழந்தையுடன் மதீராத் தீவில் இருக்கின்றார். குழந்தைகள் இலண்டனில், பிரித்தானியப் பொருட்காட்சிச்சாலைக்கு அணித்தேயுள்ள ஒரு வீட்டில், தம் பழைய செவிலித்தாயிடம் விடப்படுகின்றனர். முன்னொரு கோடையில் தமக்கு வரமளித்த சாம்மியாடு என்னும் விந்தை உயிரை விலங்கு விற்குங் கடையொன்றிற் கண்டு விலைக்கு வாங்குகின்றனர். அது சொல்லக் கேட்டுப் பழம்பொருட் கடையில் ஒரு தாயத்தினை வாங்குகின்றனர். செந்நிறமும் மெருகும் உடைய கல் அது. ஆனால் அவர்கள் பெற்றது அதன் பாதியே. முழுத் தாயத்தும் இருந்தால் நெஞ்சம் விரும்பியது கைகூடும். பாதித் தாயத்தோ, முழுத் தாயத்து எங்கெங்கு எக்காலத்து இருந்ததோ அவ்விடங்கட்கு மட்டும் அவர்களைக் கொண்டு செல்லும். இழந்த மறுபாதியைத் தேடி, எண்ணாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட எகிப்திய ஆற்றங்கரை ஊருக்கும், பாபிலோனுக்கும், கடல்கொண்ட அத்திலாந்திசுக்கும், கி.மு. 55இல் சீசர் படையுடன் நின்ற கடற்கரைக்கும், பாரவோன் ஆண்ட எகிப்துக்கும், தீர் நகரத்துக்கும் அவர்கள் செல்கின்றனர். தேடியவர் பெறுகின்றனர் என்பது கதையின் முடிபு.

இக்கதைக்கு முன்னர் காலப்பயணக் கதை இல்லையோ எனின், உண்டு. எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘காலப்பொறி’ 1895இல் வந்துவிட்டது. ஆனால் அது முதியோர்க்குரியது. எதிர்காலம் நோக்கிச் செல்வது. பொறியொன்றைக் கருவியாகக் கொள்வது. நெஸ்பிட் பொறியை விடுத்துப் பழம்பொருளொன்றைக் கருவியாகக் கொண்டார். இம்மாற்றம் சிறிதன்று. பொறி எவ்விடத்துக்கும் எக்காலத்துக்கும் செல்லும். தாயத்தோ தான் இருந்த காலத்துக்கே செல்லும். மண்ணிற் புதைந்து, தோண்டி எடுக்கப்பட்டு, கடையில் விற்கப்படும் ஒவ்வொரு பொருளும் தன்னுள் தான் கடந்துவந்த காலத்தைச் சுமந்து நிற்கின்றது என்னும் கருத்தே இக்கதையின் அடிப்படை. தொல்பொருளாய்வாளர் கூறுவதும் பிறிதன்று.

தாயத்து வழிதிறக்கும் இடத்தை ஆசிரியர் அமைத்த முறை நோக்கத்தக்கது. மந்திரச்சொல்லைக் கூறிய அளவில் அச்சிறு கல் பெருவாயிலாக வளர்கின்றது. வாயிலுக்குப் புறத்தே இலண்டனின் ரீஜன்டுப் பூங்கா, வாடிய மரங்கள், மிதிபட்ட புல், ஏழைக் குழந்தைகள் கைகோத்துச் சுற்றி விளையாடுகின்றனர். வாயிலினுள்ளேயோ நீலமும் மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிக்கும் வேறொரு நாடு. காலம் இரண்டு, காண்பது ஒரு கணத்தில். மொழிக்கு இயல்பாகவே அரியதொரு செயல் இது. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வரவேண்டும். முதலிற் பூங்கா, பின்னர் எகிப்து எனச் சொல்லுதலே இயலும். தமிழிலக்கணமும் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்றை வகுத்து, அவை தம்முள் மயங்குமிடத்து அதனைக் காலவழு எனக் கொண்டு, விரைவும் மிகுதியும் தெளிவும் பற்றி அமைதி கூறுகின்றது. அமைதி தேட வேண்டிய அளவிற்கு அம்மயக்கம் மொழிக்கு அயலானது. ஓவியத்திற்கோ இவ்விடர் இல்லை. ஒரு தாளின்மேல் இரு காலங்களும் அருகருகே நிற்கலாம். வழுவும் இல்லை, அமைதியும் வேண்டா.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். மக்களும் மாவும் உணவும் கருவியும் ஆகிய கருப்பொருள்கள் அம்முதலின்கண் தோன்றுவன. இக்கதையில் முதற்பொருள் இடந்தோறும் மாற, நான்கு குழந்தைகளும் தம் பழைய கருப்பொருளைச் சுமந்தவண்ணம் அதனுட் புகுகின்றனர். மில்லரின் படங்களில் இது கண்கூடு. மண்சுவர் ஊரிலும் பாபிலோனிய அரண்மனையிலும் அக்குழந்தைகள் 1905ஆம் ஆண்டின் உடையுடனேயே நிற்கின்றனர். சூழ உள்ளார் அனைவரும் ஒரு காலத்தவர். நால்வர் மட்டும் வேறு காலத்தவர். எழுத்தில் இவ்வேறுபாட்டை ஆசிரியர் ஓரிடத்திற் சுட்டிவிட்டு அப்பாற் செல்கின்றார். குழந்தைகள் தாமும் அதனை மறந்துவிடுகின்றனர், படிப்போரும் மறந்துவிடுகின்றனர். படமோ மறக்கவிடுவதில்லை.

மில்லர் (1869–1942) ஸ்காத்துலாந்தினர். கட்டடப் பொறியியல் பயிலத் தொடங்கிப் பின்னர் ஓவியத் துறைக்கு வந்தவர். கோட்டை, மதில், கப்பல், படைக்கலம் ஆகியவற்றை அவர் வரையும்போது, அவை நிற்கும் என்றும் இயங்கும் என்றும் நமக்கு நம்பிக்கை பிறத்தற்கு அப்பயிற்சி ஒரு காரணமாகலாம். வண்ணம் அவர்க்கு இல்லை. மையும் வெண்டாளுமே கருவிகள். எழுத்து நீலம், மஞ்சள், சிவப்பு எனக் கூறுமிடத்து அவர் கோட்டின் நெருக்கத்தாலும் நெகிழ்வாலுமே ஒளியைக் காட்டவேண்டியிருந்தது. சாம்மியாட்டின் வடிவமும் அவர் வகுத்ததே என்னலாம். நத்தைக்கண்போல் நீண்டு சுருங்கும் கண்கள், வௌவாற் செவி, குரங்கின் கைகால், மென்மயிர் போர்த்த பருத்த உடல் என ஆசிரியர் உறுப்பு உறுப்பாகக் கூறினார். அவ்வுறுப்புகளை ஒன்றாக்கி, உயிருள்ளதும் சினமுடையதும் ஆகிய ஒரு விலங்காகச் செய்தவர் மில்லர். தாம் உள்ளத்திற் கண்டதை அவர் அவ்வாறே வரைந்தது கண்டு, இஃது உள்ளத்தோடு உள்ளம் பேசும் விந்தை என நெஸ்பிட் வியந்தார் என வாழ்க்கை வரலாற்றாசிரியர் குறிப்பர். அதே 1906இல் கிப்ளிங்கின் ‘பூக்கு மலையின் பூக்கு’ நூலுக்கும் மில்லரே படம் வரைந்தார். அந்நூலில் பழங்காலத்தார் நிகழ்காலக் குழந்தைகளைத் தேடி வருகின்றனர். நெஸ்பிட்டின் நூலில் குழந்தைகள் பழங்காலத்தைத் தேடிச் செல்கின்றனர். இரு திசைப் பயணத்திற்கும் ஒரே கை படம் வரைந்தது எண்ணத்தக்கது.

இனி, இவ்வாராய்ச்சியின் நடுவான செய்திக்கு வருவோம். இந்நூலின் காணிக்கை, பிரித்தானியப் பொருட்காட்சிச்சாலையைச் சேர்ந்த டாக்டர் வாலிஸ் பட்ஜுக்கு உரியது. நூல் உருவாவதற்கு அவர் புரிந்த உதவிக்கு ஆசிரியர் நன்றி கூறுகின்றார். பட்ஜு 1894 முதல் 1924 வரை அக்காட்சிச்சாலையின் எகிப்திய அசீரியத் தொல்பொருட் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். 1899இல் ‘எகிப்திய மந்திரம்’ என்னும் நூலை வெளியிட்டவர். தாயத்தின் மந்திரச்சொல்லும் அதன் பழைய எழுத்தும் பற்றி அறிய அவரினும் தக்கார் அந்நாளில் அரியர். கதையுள்ளும் மேல்மாடியில் வாழும் கற்றறிந்த பெரியார் ஒருவரே அவ்வெழுத்தைப் படித்துக் கூறுகின்றார். குழந்தைகளின் மந்திரத்திற்கும் அறிஞரின் துணை இன்றியமையாததாயிற்று.

காட்சிச்சாலைக்கும் கதைக்கும் உள்ள உறவு காணிக்கையோடு நிற்கவில்லை. முதற்பயணம் எண்ணாயிரம் ஆண்டுகட்கு முந்திய எகிப்திற்கு எனக் கண்டோம். பிரமிடும் பாரவோனும் தோன்றாத அக்காலம் அறிஞர்க்கே அன்று புதிதாக இருந்தது. பெட்ரி, நகாதாவில் அகழ்ந்தது 1894–95இல். கெபெலேன் என்னுமிடத்தில் மணலில் முடங்கிக் கிடந்த, அரசமரபுகட்கு முற்பட்ட மனிதனின் உலர்ந்த உடலைப் பட்ஜு காட்சிச்சாலைக்காகப் பெற்றது 1900இல். மறு ஆண்டே அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கதை எழுதப்பெற்ற நாளில் இலண்டன் குழந்தையொன்று அவ்வுடலையும் அதனருகே வைத்த மட்கலங்களையும் கண்ணாடிக்கு அப்பால் நின்று கண்டிருத்தல் கூடும். நெஸ்பிட் அக்குழந்தையை அம்மனிதனின் ஊருக்கே அழைத்துச் செல்கின்றார். கண்ணாடிப் பேழையுள் பயனின்றிக் கிடந்த கலங்களும் கருவிகளும் மீண்டும் மக்கள் கையில் தவழுகின்றன. எழுத்து அக்கலத்தின் பெயரைச் சொல்லும். படம், அதனை ஒருத்தி எவ்வாறு ஏந்துவாள் என்பதைக் காட்டும். பழம்பொருளுக்கு மில்லர் எழுதிய உரை என இப்படங்களைக் கொள்வதிற் பிழையில்லை.

உரையாசிரியர் மூலத்தினின்று வழுவுதலும் உண்டு. பாபிலோனை வரைய அன்று எவ்வோவியர்க்கும் போதிய சான்று இல்லை. செருமானியரான கோல்டவே அந்நகரில் அகழத் தொடங்கியது 1899இல். அதன் முழுப்பயனும் உலகறியப் பல்லாண்டு சென்றது. காட்சிச்சாலையில் நிறைந்திருந்தவையோ லேயார்டு முதலியோர் நினிவேயிலும் நிம்ரூதிலும் கண்டெடுத்த அசீரியச் சிற்பங்கள். ஆகவே அந்நாளைய ஓவியத்திற் பாபிலோன் அசீரியச் சாயல் பெறுதல் இயல்பு. எழுத்தும் இதற்கு விலக்கன்று. பாபிலோனியப் பொருள்களை அரசி அழைக்கும்போது காட்சிச்சாலைக் கதவை உடைத்துக்கொண்டு முதலில் வெளிவருவது பெரியதொரு கல் எருது. அங்குள்ள பேரெருதுகள் அசீரிய நாட்டவை, பாபிலோனுக்கு உரியனவல்ல. அரசி தன் பொருளை அழைக்க, அயலான் பொருள் முன்வந்து நிற்கின்றது! ஆசிரியர் இதனை அறிந்து செய்தாரல்லர் எனவே தோன்றுகின்றது.

அந்நிகழ்ச்சியே நூலின் உச்சம். குழந்தைகளைக் காண விரும்பிய பாபிலோன் அரசி சாம்மியாட்டின் வரத்தால் இலண்டனுக்கு வந்துவிடுகின்றாள். காட்சிச்சாலையுட் புகுந்ததும் அவள் காண்பது தன் கழுத்தணிகளையும் தோடுகளையுமே. என் பொருள் இங்கு ஏன் பூட்டப்பட்டுள்ளது எனச் சினந்து கண்ணாடியை உடைக்க முற்படுகின்றாள், காவலரால் வெளியேற்றப்படுகின்றாள். முற்றத்தில் நின்று, அவை யாவும் என்னிடம் வருக என விரும்புகின்றாள். எருதும், செதுக்கிய கற்பலகையும், செங்கல்லும், தலைக்கவசமும், விலங்கும், மதுச்சாடியும், முத்திரையும் வரிசையாக மிதந்து வெளிவருகின்றன. குறுணிப் பறவையின் காலடி போன்ற கீறல்கள் பதிந்த, மாவுருட்டும் கட்டையொத்த நீண்டுருண்ட பொருள்களும் உடன் வருகின்றன. ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் உருளைகளைக் குழந்தையின் கண்கொண்டு காட்டும் இவ்வுவமை நயம் மிக்கது. காட்சிச்சாலையின் அட்டவணை முழுவதும் எழுந்து நடப்பதுபோன்ற இக்காட்சியைப் படித்து நகாதார் இலர்.

நகைத்தபின் எண்ணல் வேண்டும். பொருளுக்குரியாள் கேட்கின்றாள்; காவலர் மறுக்கின்றனர். யார் கூற்று முறை? கதை அவள் கூற்றை மறுத்துரைக்கவில்லை. மறுத்துரைக்கக் கூடவும் இல்லை. ஆயினும் இறுதியிற் பொருள்கள் காட்சிச்சாலைக்கே திரும்பிவிடுகின்றன. இந்நூலுக்குக் காணிக்கை பெற்ற பட்ஜு, 1888இல் ஆனி என்பவனின் புகழ்பெற்ற பாப்பிரசுச் சுருளை எகிப்தினின்று எவ்வாறு கொணர்ந்தார் என்பதை 1920இல் வெளியிட்ட தம் நூலில் தாமே விரித்துரைத்துள்ளார். லக்சோரில் பொருள்கள் இருந்த வீட்டைக் காவலர் பூட்டி முத்திரையிட்டனர். அடுத்திருந்த விடுதித் தோட்டத்தின் வழியே இரவிற் சுவரைத் துளைத்துப் பொருள்கள் வெளியேற்றப்பட்டன. சுவரைத் துளைத்துக் கொணர்ந்தவர்க்குக் காணிக்கையாக்கிய நூலில், கதவை உடைத்துப் பொருள்கள் வெளியேறுகின்றன. நெஸ்பிட் இம்முரணை நோக்கி எழுதினார் என்பதற்குச் சான்றில்லை; பட்ஜின் நூல் பதினான்கு ஆண்டு பிற்பட்டது. ஆனால் இன்று படிப்போர் இவ்விரண்டையும் ஒருங்கே அறிந்து படிக்கின்றனர். அறியாதவர்போற் படித்தல் இயலாது.

அம்முற்றத்தில் நிகழும் சிறுநிகழ்ச்சி ஒன்று தமிழ்நாட்டார்க்குத் தனிச்சுவை தரும். அங்கு வந்த செய்தியாளன் ஒருவன், இவ்விந்தையெல்லாம் பிரமஞானத்தாரின் செயல் போலும் எனக் கருதி, அரசியைச் சுட்டி, இவர் அன்னி பெசண்டு அம்மையாரோ என வினவுகின்றான். ஜேன் சிறிதும் எண்ணாது, ஆம் என்றுவிடுகின்றாள். பின் வெளிவந்த செய்தியிலும் அப்பெயரே! இது வெற்றுக் கேலியன்று. நண்பரைப் பற்றிய கேலி. நெஸ்பிட்டும் அவர்தம் கணவர் ஹியூபர்ட்டு பிளாண்டும் 1884இல் பேபியன் கழகத்தைத் தொடங்கினாருள் இருவர். பெசண்டு அம்மையார் மறு ஆண்டே அதிற் சேர்ந்து, பின்னர்ப் பிரமஞானம் பற்றிப் பிரிந்து, 1893இல் இந்தியா வந்தவர். கதை வெளிவந்த மறு ஆண்டாகிய 1907இல் அவர் அடையாற்றில் அச்சபையின் தலைவரானார்.

பேபியன் கொள்கையே அரசியின் வாயிலும் ஒலிக்கின்றது. இலண்டன் கீழ்ப்பகுதித் தெருவில் மெலிந்த மக்களைக் கண்டு, உங்கள் அடிமைகளை இத்துணைக் கேடாக வைத்திருப்பதேன் என அவள் கேட்கின்றாள். இவர் அடிமையரல்லர், உழைப்பாளர் என்கின்றனர் குழந்தைகள். இவர்க்கு வாக்குரிமை உண்டு என்றும் கூறுகின்றனர். வாக்கு என்றால் என்ன, அதனால் இவர் செய்வது யாது என்னும் அவள் வினாக்கட்குக் குழந்தைகளிடம் தக்க விடையில்லை. காலப்பயணத்தின் பயன் இங்கே புலனாகின்றது: பழங்காலத்தார் ஒருவர் நம் காலத்தைக் காணும்போது, நாம் பழகிப்போய்க் காணாதவை கண்ணிற் படுகின்றன. அதே பகுதியில் ஒரு மாசும் உண்டு. அதனை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. பங்குவாணிகக் காட்சியில் வருவோர்க்கு யூதப் பெயரிட்டு, அவர் பேச்சையும் ஆசிரியர் எள்ளி நகையாடுகின்றார். உழைப்பாளர்க்கு இரங்கிய உள்ளம் இங்கே தன் காலத்தின் இழிந்த வழக்கைக் கடந்திலது.

குழந்தைகள் ஒருமுறை எதிர்காலத்துக்கும் செல்கின்றனர். அங்கும் அவர்கள் சென்று நிற்பது காட்சிச்சாலையே. பேழையுள் தாயத்து முழுமையாக இருப்பதைக் காண்கின்றனர். வெளியே புகையற்ற நகரம்; தெளிந்த ஆறு; தாளைக் கீழே எறிந்தமைக்காகப் பள்ளியினின்று ஒருநாள் விலக்கப்பட்டு அழும் சிறுவன். அவன் பெயர் வெல்ஸ். 1903இல் பேபியன் கழகத்திற் சேர்ந்த எச். ஜி. வெல்ஸுக்கு ஆசிரியர் செய்த சிறப்பு அது. இவ்வியல் கருத்தாற் சிறந்ததாயினும் கதையாற் சிறிது தளர்ந்ததே என்பது நம் கருத்து. எகிப்துக்குக் கலமும் பாபிலோனுக்கு எருதும் சான்றாயிருந்தன. எதிர்காலத்தினின்று தோண்டி எடுத்த பொருள் ஒன்றேனும் பேழைகளில் இல்லை. எழுத்துக்கும் படத்துக்கும் பற்றுக்கோடின்றிப் போயிற்று.

இந்நூலின் வழித்தோன்றல்கள் பல. சி. எஸ். லூயிஸ் இளமையில் இம்மூன்று கதைகளையும் படித்ததைத் தம் வாழ்க்கைக் குறிப்பில் கூறி, அவற்றுள் தாயத்துக் கதையே தமக்குப் பழங்காலத்தின் ஆழத்தை உணர்த்தியது என்கின்றார். 1955இல் வந்த அவர்தம் ‘மந்திரவாதியின் மருமகன்’ நூலில், அழிந்த உலகத்தின் அரசி ஒருத்தி இலண்டன் தெருவில் வந்து குழப்பம் விளைப்பது பாபிலோன் அரசியின் வரவை நினைவூட்டும்.

முதலில் எழுப்பிய வினாவிற்குத் திரும்புவோம். இன்று இந்நூல் உரிமைக்காலம் கடந்து பொதுவுடைமை ஆகிவிட்டது. படங்களின்றி எழுத்து மட்டுமாக இணையத்தில் எளிதிற் கிடைக்கின்றது. அப்படியைப் படிப்போர்க்குக் கதை கிடைக்கும். ஆனால் தாயத்து என்னும் கருவியின் பொருள் பாதியே கிடைக்கும். காட்சிச்சாலையில் உறங்கிய பொருள்கள் மக்கள் கையிற் புழங்குவதைக் கண்ணாற் கண்டாலன்றி, அரசி தன் தோட்டைக் கேட்பதன் வலிமை புலனாகாது. இன்னுமொன்று: அந்நாளைய படங்களின் அடியில் ஓவியர் தம் சொல் எதனையும் எழுதுவதில்லை. கதையினின்றே ஒரு தொடரைப் பெயர்த்தெடுத்து அச்சிட்டனர். எத்தொடர் எடுக்கப்பட்டது, அது கதையின் எப்பக்கத்தது, படம் அதற்கு முன்வைக்கப்பட்டதா பின்வைக்கப்பட்டதா என்பன பதிப்பாசிரியன் குறித்துக் காட்டவேண்டியவை. படம் தொடரை முந்தினால் படிப்போர் நிகழப்போவதை முன்னரே கண்டுவிடுகின்றனர். பிந்தினால் படித்ததை மீண்டும் காண்கின்றனர். காலத்தையே பொருளாகக் கொண்ட கதையில் இவ்விரண்டும் ஒன்றல்ல. ‘ஸ்டிராண்டு’ இதழின் பக்க அமைப்பையும் 1906ஆம் ஆண்டு நூலின் பக்க அமைப்பையும் எதிரெதிர் வைத்து ஒப்புநோக்கும் பணியை மாணவர் எவரேனும் மேற்கொள்ளின், அதனைப் படத்திற்குப் படம் செய்தல் வேண்டும்.